ஒரே ஆண்டில் மறைந்தவர்கள்: பிழையில்லாத பட்டியல் தொகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் 'டான் குயிக்சாட்' எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் காலமானார்கள் என்று உலகப் புத்தக நாள் வரும்போதெல்லாம் யாராவது எழுதிவிடுகிறார்கள். யுனெஸ்கோ 1995இல் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தபோதும் இந்தப் பொருத்தம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. உண்மையில் இருவரின் மரணத்துக்கும் நடுவே பதினோரு நாள் இடைவெளி இருக்கிறது. ஒரே நாள் என்பது தவறு, ஒரே ஆண்டு என்பது சரி. அந்த ஆண்டுக் கணக்கிலும் வில்லங்கம் உண்டு. 1616 என்று ஆங்கிலேயத் தேவாலயப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் ஒரு பெண் நம் கணக்கில் 1616இல் இறக்கவில்லை. 1615இல் இறந்ததாக அக்காலத்தவர் எழுதியிருக்கக்கூடிய ஒரு நாடகாசிரியர் நம் 1616 பட்டியலில் இடம்பெற வேண்டியவர்.

பள்ளி மலர், வினாடி வினா, நினைவு ஆண்டுக் கட்டுரை, வார இதழ்த் துணுக்கு என்று எதற்காகவாவது 'இந்த ஆண்டில் மறைந்த பெரியவர்கள்' என்ற பட்டியலைத் தொகுக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1616ஐ முழு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியல் இடறக்கூடிய இடங்கள் பெரும்பாலும் அந்த ஓர் ஆண்டிலேயே அகப்பட்டுவிடுகின்றன. அகப்படாதவற்றுக்கு மட்டும் வேறு ஆண்டுகளுக்குப் போகலாம்.

படி 1: ஆண்டைத் தேர்ந்தெடுங்கள், காரணத்தோடு

ஒரே ஆண்டில் இறந்தார்கள் என்பது தன்னளவில் ஒரு செய்தியே அல்ல. எந்த ஆண்டை எடுத்தாலும் புகழ்பெற்றவர்கள் பலர் இறந்திருப்பார்கள். எனவே அந்த ஆண்டு எதற்காவது நமக்கு உதவுகிறதா என்று முதலில் பாருங்கள். 1616 உதவுகிறது. இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் சீனாவிலும் நாடக மேடை உச்சத்தில் இருந்த காலத்தில், மூன்று இடங்களிலும் அதற்கு உழைத்தவர்கள் சில மாத இடைவெளியில் மறைந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று உலகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த ஆண்டு ஒரு சாக்கு. சாக்கு என்றுதான் சொல்கிறேன், அதற்கு மேல் அதில் விதி எதுவும் இல்லை.

படி 2: முதல் பட்டியலைத் தாராளமாகப் போடுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 'இறப்புகள்' என்ற பகுப்பு இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதில் குற்றமில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் குற்றம். அந்தப் பகுப்புகளில் ஐரோப்பியர் மிகுந்திருப்பார்கள். ஜப்பான், சீனா, இந்தியா, அரபு நாடுகள் என்று வலிந்து தேடினால்தான் பட்டியல் உலகத்தைக் காட்டும்.

விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கான விக்கித்தரவிலிருந்து (Wikidata) நேரடியாகத் தேதிகளை இறக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்டு மட்டுமே தெரிந்த ஒருவரின் தேதி, இறக்கிய கோப்பில் பல நேரம் ஜனவரி 1 என்று வந்து நிற்கும். அது இறந்த நாள் அல்ல, 'ஆண்டு மட்டும் தெரியும்' என்பதற்கான இடநிரப்பி. பட்டியலில் ஜனவரி 1 அன்று நான்கைந்து பேர் ஒன்றாக இறந்திருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

கிடைத்த பெயர்களை எக்செல் தாளில் ஏற்றுங்கள். பெயரும் தேதியும் மட்டும் போதாது. இந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்) வேண்டும்: இறந்த ஊர்; மூல ஆவணத்தில் உள்ளபடியே தேதி; அந்த ஊரில் அப்போது புழங்கிய நாட்காட்டி; அங்கே புத்தாண்டு எப்போது பிறந்தது; அந்தத் தேதி குறிப்பது இறந்த நாளையா, அடக்கம் செய்த நாளையா; நாம் மாற்றிய தேதி; எந்த அளவுக்கு உறுதி. இவற்றில் 'மூல ஆவணத்தில் உள்ளபடி' என்ற பத்தியை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தாதீர்கள். மாற்றம் எல்லாம் அடுத்த பத்திகளில்தான் நடக்க வேண்டும்.

1616க்கு என் முதல் பட்டியலில் ஒன்பது பேர்: லண்டனில் ரோஸ் நாடக அரங்கை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோ, நாடகாசிரியர் பிரான்சிஸ் போமாண்ட், செர்வான்டெஸ், பெரு நாட்டின் இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ, ஷேக்ஸ்பியர், ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் டொகுகவா இயேயாசு, சீன நாடகாசிரியர் டாங் சியான்சூ, கடற்பயண நூல்களைத் தொகுத்த ரிச்சர்ட் ஹக்ளூயிட், வர்ஜீனியாவின் போகாஹொண்டாஸ்.

படி 3: இறந்த ஊரின் நாட்காட்டியைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. ஜூலியஸ் சீசர் காலத்து ஜூலியன் நாட்காட்டி ஓராண்டைச் சற்றே நீளமாகக் கணக்கிட்டது. அந்தச் சிறு பிழை நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து 16ஆம் நூற்றாண்டில் பத்து நாளாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போப்பாண்டவர் 13ஆம் கிரெகோரி 1582இல் புதிய நாட்காட்டியை அறிவித்தார். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை உடனே மாறின. அங்கே 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. நடுவில் பத்துத் தேதிகள் பிறக்கவே இல்லை.

அவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான், ஸ்பெயினின் ஆல்பா தே தோர்மஸ் ஊரில். அக்டோபர் 4 இரவு கண்மூடினார், பொழுது விடிந்தபோது தேதி 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15 அன்றுதான் கொண்டாடப்படுகிறது. இந்தப் பின்னணி தெரியாமல் 4, 15 என்ற இரண்டு தேதிகளைப் பார்ப்பவர் ஏதோ ஒரு நூல் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்.

புராட்டஸ்டண்ட் இங்கிலாந்து மாறவில்லை. போப்பாண்டவரின் நாட்காட்டியை ஏற்க அதற்கு 1752 வரை ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்து செப்டம்பர் 14 வந்தது. ரஷ்யா 1918 வரை காத்திருந்தது. இடைவெளியும் நிலையானதல்ல. 1582 முதல் 1700 பிப்ரவரி வரை பத்து நாள், அதன் பின் பதினொன்று, 1800க்குப் பின் பன்னிரண்டு, 1900க்குப் பின் பதின்மூன்று.

இனி ஷேக்ஸ்பியருக்கு வருவோம். ஸ்ட்ராட்போர்டில் அவர் இறந்த ஏப்ரல் 23 ஜூலியன் கணக்கு. மாட்ரிட்டில் அதே நாளுக்கு மே 3 என்று பெயர். செர்வான்டெஸ் இறந்ததாக இன்று ஏற்கப்படும் நாள் கிரெகோரியன் ஏப்ரல் 22. அந்தச் செய்தி மாட்ரிட்டில் பழையதாகிவிட்ட பிறகுதான் ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் இறந்தார்.

பத்து நாள் வித்தியாசம் ஆண்டையே மாற்றக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: டிசம்பர் கடைசி. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டிசம்பர் 22 முதல் 31 வரை இறந்த எவரும் கிரெகோரியன் கணக்கில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவார். ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் இறந்தது அவர் நாட்டுக் கணக்கில் 1877 டிசம்பர் 27, நம் கணக்கில் 1878 ஜனவரி 8. அவரை எந்த ஆண்டில் சேர்ப்பது என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அந்த விதியைப் படி 7இல் சொல்கிறேன்.

படி 4: அங்கே ஆண்டு எப்போது பிறந்தது என்று பாருங்கள்

ஆண்டு ஜனவரி 1 அன்றுதான் தொடங்கும் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள் அது. ஆகவே மார்ச் 24 வரை பழைய ஆண்டு எண்தான். பக்கத்து நாடான ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது என்பதால், எல்லையைத் தாண்டினால் பிப்ரவரியில் ஆண்டு எண்ணே மாறிவிடும். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னருக்கான மரண ஆணையில் 1648 ஜனவரி 29 என்ற தேதி இருக்கிறது. வரலாற்று நூல்கள் எல்லாம் அவர் 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்டதாகச் சொல்கின்றன. நடுவே இருப்பது ஒரே ஒரு நாள்தான்.

போமாண்டின் கதை இதே வகை. அவர் இறந்தது மார்ச் 6, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் புதைக்கப்பட்டார். அன்றைய எழுத்தர் எவரும் அதை 1615 என்றே எழுதியிருப்பார். நமக்கு அது 1616. ஹென்ஸ்லோவும் அப்படித்தான், ஜனவரி 6 அன்று இறந்தவர்.

போகாஹொண்டாஸுக்கு நேரெதிராக நடந்திருக்கிறது. வர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவர் பவாட்டனின் மகள் அவர். ஞானஸ்நானம் பெற்று ரெபேக்கா என்று பெயர் சூடி, 1614இல் ஜான் ரோல்ஃப் என்ற புகையிலைத் தோட்டக்காரரை மணந்து, 1616இல் கணவரோடும் குழந்தையோடும் இங்கிலாந்துக்கு வந்தார். ஊர் திரும்பக் கப்பலேறியவர் நோயுற்று, தேம்ஸ் ஆற்றங்கரையில் கிரேவ்செண்டில் கரையிறக்கப்பட்டு இறந்தார். அங்குள்ள புனித ஜார்ஜ் தேவாலயப் பதிவேட்டில் அடக்கக் குறிப்பு இருக்கிறது: 1616 மார்ச் 21, தாமஸ் ராத் என்பவரின் மனைவி ரெபேக்கா ராத், வர்ஜீனியாவில் பிறந்த சீமாட்டி, பலிபீடப் பகுதியில் அடக்கம். கணவரின் பெயரும் தவறு, குடும்பப் பெயரும் தவறு. ஆண்டு மட்டும் அந்த எழுத்தரின் கணக்கில் சரி. இன்னும் நான்கு நாள் கழித்து மார்ச் 25 வந்திருந்தால் 1617 என்று எழுதியிருப்பார்.

ஷேக்ஸ்பியரின் அடக்கம் ஸ்ட்ராட்போர்டு பதிவேட்டில் 1616 ஏப்ரல் 25. போகாஹொண்டாஸுடையது 1616 மார்ச் 21. இரண்டையும் அருகருகே வைத்தால் அவர் ஷேக்ஸ்பியருக்கு ஒரு மாதம் முன்பு இறந்தவர்போலத் தோன்றும். உண்மையில் ஏறத்தாழ பதினோரு மாதம் கழித்து இறந்தவர். போமாண்டோ ஷேக்ஸ்பியருக்கு இரண்டு மாதம்கூட முந்தவில்லை, ஆனால் ஏட்டில் முந்தைய ஆண்டுக்காரர். ஆவணத்தை நேரில் பார்த்தவர்கூட ஏமாறும் இடம் இது. 'மூலத்தையே பார்த்துவிட்டேன்' என்ற நிம்மதிதான் இங்கே பெரிய ஆபத்து.

இங்கிலாந்து ஆவணங்களில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்தத் தேதியையும் சந்தேகத்தோடு அணுகுங்கள். தேர்ந்த ஆய்வாளர்கள் இதற்காகவே 1615/16 என்று இரட்டையாக எழுதுவார்கள். நீங்களும் உங்கள் தாளில் அப்படியே எழுதலாம். அச்சில் போடும்போது ஒற்றை ஆண்டாக்கிக்கொள்ளலாம். இத்தாலியில் இன்னும் சிக்கல். பிளாரன்ஸ் நகருக்கு மார்ச் 25, வெனிஸ் நகருக்கு மார்ச் 1 என்று ஊருக்கு ஒரு புத்தாண்டு.

படி 5: சந்திர ஆண்டையும் தமிழ் ஆண்டையும் கவனமாக மாற்றுங்கள்

ஜப்பானும் சீனாவும் சந்திர மாதங்களையும் ஆட்சிக்காலப் பெயரிட்ட ஆண்டுகளையும் வைத்துத் தேதி எழுதின. டொகுகவா இயேயாசு இறந்தது கென்னா 2ஆம் ஆண்டு, நான்காம் மாதம், 17ஆம் நாள். டாங் சியான்சூ இறந்தது வான்லி 44ஆம் ஆண்டு, ஆறாம் மாதம், 16ஆம் நாள். இவற்றை ஏப்ரல் 17 என்றும் ஜூன் 16 என்றும் எழுதினால் தவறு. முறையாக மாற்றினால் 1616 ஜூன் 1, ஜூலை 29 என்று கிடைக்கும். இருவருமே ஆண்டின் நடுவில் இறந்ததால் ஆண்டு எண்ணுக்கு ஆபத்தில்லை.

பதினோராம், பன்னிரண்டாம் மாதத்தில் இறந்தவர்கள்தான் தொல்லை. சீன, ஜப்பானிய ஆண்டு நமது ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில் பிறப்பதால், அதன் கடைசி வாரங்கள் அடுத்த மேற்கத்திய ஆண்டில் விழும். சீன மெய்யியலாளர் வாங் யாங்மிங் இறந்தது ஜியாஜிங் 7ஆம் ஆண்டின் பதினோராம் மாதக் கடைசியில். ஜியாஜிங் 7 என்றால் 1528 என்று அட்டவணை சொல்லும். உண்மைத் தேதி 1529 ஜனவரி 9. சில நூல்கள் 1528 என்றும் சில 1529 என்றும் சொல்வது இதனால்தான்.

இதே பொறி நம் வீட்டிலும் இருக்கிறது. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மாதங்களும் மார்கழியின் பின்பாதியும் அடுத்த ஆங்கில ஆண்டைச் சேர்ந்தவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையில் காலமானது யுவ ஆண்டு தை மாதம். யுவ ஆண்டு பிறந்தது 1875இல். அதை மட்டும் வைத்து 1875 என்று போட்டால் தவறு, அவர் மறைந்தது 1876 பிப்ரவரி 1. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டது ஸ்ரீமுக ஆண்டு தையில். 1873இல் பிறந்த ஸ்ரீமுகத்தின் தை என்பது 1874 ஜனவரி. அவரை 'இறந்தோர்' பட்டியலில் சேர்ப்பதா என்பது வேறு கேள்வி. அவருடைய அன்பர்களுக்கு அது மரணமே அல்ல. அத்தகையவர்களுக்கு 'சித்தியடைந்தார்' என்று மரபுச் சொல்லையே போட்டு ஆண்டைக் குறிப்பதுதான் நாகரிகம்.

அறுபதாண்டுச் சுழற்சியில் இன்னொரு பள்ளம். யுவ என்று மட்டும் ஓர் ஏடு சொன்னால் அது 1815ஆகவும் இருக்கலாம், 1875ஆகவும் இருக்கலாம், 1935ஆகவும் இருக்கலாம். சக ஆண்டோ கொல்லம் ஆண்டோ உடன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடன் வாழ்ந்தவர்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

படி 6: நாள் எப்போது மாறுகிறது, ஏடு எதைக் குறிக்கிறது

பாரதியார் திருவல்லிக்கேணியில் 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, சுமார் ஒன்றரை மணிக்கு இயற்கை எய்தினார். கடிகாரப்படி அது செப்டம்பர் 12. சூரியோதயத்தில் நாள் பிறக்கும் நம் மரபுப்படி அது 11இன் தொடர்ச்சி. இரண்டு தேதிகளும் பல காலமாகப் புழங்குகின்றன. தமிழக அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. ஆண்டுப் பட்டியலுக்கு இதனால் பாதகமில்லை. டிசம்பர் 31 இரவில் ஒருவர் இப்படி மறைந்திருந்தால்தான் தலைவலி.

ஊருக்கு ஊர் மாறும் நேரமும் இப்படித்தான். 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, எழுத்தாளர்கள் சி. எஸ். லூயிஸ், ஆல்டஸ் ஹக்ஸ்லி மூவரும் மறைந்தார்கள். ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சலஸில் இறந்தபோது அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல். லூயிஸ் இறந்த ஆக்ஸ்போர்டில் அந்நேரம் நவம்பர் 23 பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இறந்த ஊரின் நேரமே கணக்கு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். எல்லோரும் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

அடக்க நாளுக்கும் இறந்த நாளுக்கும் உள்ள வேறுபாடுதான் செர்வான்டெஸின் சிக்கல். மாட்ரிட்டின் சான் செபாஸ்தியன் பங்கு ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ஏப்ரல் 23 என்று இருக்கிறது. அக்கால வழக்கப்படி அது அடக்கம் செய்த நாள் என்றும், இறந்தது முந்தைய நாள் என்றும் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஏப்ரல் 19 அன்று தம் கடைசி நாவலுக்கான சமர்ப்பணத்தில், முந்தைய நாள் தமக்கு இறுதி அருட்சாதனம் (சாகும் தறுவாயில் செய்யும் கத்தோலிக்கச் சடங்கு) தரப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மரணப் படுக்கையில் கிடந்தபடி ஒருவர் புரவலருக்கு நன்றி சொல்லி முடித்திருக்கிறார் என்பது, 22ஆ 23ஆ என்ற வாதத்தைவிட என்னை அதிகம் ஈர்த்தது.

ஷேக்ஸ்பியருக்கு இறந்த நாள் கிடைப்பது பதிவேட்டிலிருந்து அல்ல, ஸ்ட்ராட்போர்டு தேவாலயச் சுவரில் உள்ள நினைவுச் சின்னத்திலிருந்து. இறந்த ஆண்டு 1616, வயது 53, ஏப்ரல் 23 என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றவருக்கு 1616 ஏப்ரலில் 53 வயது எப்படி வரும் என்று கேட்காதீர்கள். அது நடப்பு வயது. நம் ஊர்ச் சாதகங்களில் போடுவதுபோல. இயேயாசுவுக்கு ஜப்பானிய நூல்கள் தரும் 75, பிறந்ததுமே ஒன்று என்று தொடங்கி ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூட்டும் கணக்கு; நம் கணக்கில் அது 73. வயதிலிருந்து பிறந்த ஆண்டையோ இறந்த ஆண்டையோ கழித்துக் கண்டுபிடிப்பவர்கள் இங்கே ஓரிரு ஆண்டு பிசகிவிடுவார்கள்.

படி 7: ஒரு நாட்காட்டிக்கு எல்லோரையும் கொண்டுவாருங்கள்

விதி எளிது. 1582 அக்டோபர் 4 வரை எல்லாத் தேதியையும் ஜூலியனில் வையுங்கள். வரலாற்றாசிரியர்களின் வழக்கம் அதுதான். அதன் பிறகு எல்லாவற்றையும் கிரெகோரியனுக்கு மாற்றி, ஆண்டை ஜனவரி 1இல் தொடங்குங்கள். ஷேக்ஸ்பியரைப் போல ஒருவரின் பழைய தேதி மக்கள் மனத்தில் பதிந்துவிட்டிருந்தால் இரண்டையும் போடுங்கள்: 'ஏப்ரல் 23 (மே 3)'.

இந்த விதியைச் சோதிக்கப் புகழ்பெற்ற ஒரு கூற்று கைவசம் இருக்கிறது. கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார் என்பார்கள். கலிலியோ ஆர்செத்ரியில் இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் கிரெகோரியன் கணக்கு. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. இரண்டையும் கிரெகோரியனில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. சரி, இரண்டையும் ஜூலியனில் வைப்போமே என்றால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இருவரும் ஒரே ஆண்டில் சேரவில்லை. ஆளுக்கொரு நாட்காட்டியை வைத்துக்கொண்டால் மட்டும் சேர்கிறார்கள். அறிவுச்சுடர் கை மாறியது என்ற அழகான வாக்கியம் எத்தனையோ பாடநூல்களில் இதை நம்பித்தான் நிற்கிறது.

படி 8: ஊகித்த ஆண்டை ஊகம் என்றே குறியுங்கள்

பழங்காலத்துக்குப் போகப் போக இறந்த தேதி என்பதே இருக்காது. 1014ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் மன்னர் ஸ்வெய்ன், இங்கிலாந்தைப் பிடித்துச் சில வாரங்களிலேயே பிப்ரவரி 3 அன்று இறந்தார். அயர்லாந்தின் பிரையன் போரு டப்ளின் அருகே கிளாண்டார்ஃப் போர்க்களத்தில் ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று கொல்லப்பட்டார். பல்கேரியப் பேரரசர் சாமுவேல் அக்டோபர் 6 அன்று மறைந்தார். இந்த வரிசையில்தான் நம் முதலாம் ராஜராஜ சோழனும் சேர்கிறார்.

ஆனால் மற்ற மூவருக்கும் நாள் இருக்கிறது, ராஜராஜனுக்கு இல்லை. அவர் 985 நடுவில் அரியணை ஏறினார் என்பதும், கல்வெட்டுகளில் அவருடைய 29ஆம் ஆட்சியாண்டு வரை காணப்படுகிறது என்பதும்தான் நமக்குத் தெரிந்தவை. முதல் ஆண்டு 985–86 என்றால் 29ஆம் ஆண்டு 1013–14. அதற்குப் பின் அவர் பெயரில் ஆட்சியாண்டு நீளவில்லை என்பதிலிருந்து 1014 என்று கொள்கிறார்கள்.

மகன் முடிசூடிய ஆண்டுதானே தந்தை இறந்த ஆண்டு என்று எண்ணுபவர்களைச் சோழர்கள் கவிழ்த்துவிடுவார்கள். ராஜேந்திரனின் ஆட்சியாண்டுகள் 1012இலிருந்தே எண்ணப்படுகின்றன, அப்போது ராஜராஜன் உயிரோடு இருந்தார். தந்தை இருக்கும்போதே மகனை இணையரசனாக்குவது சோழர் வழக்கம். அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து ராஜராஜனை 1012 பட்டியலில் சேர்த்தால் அவரை இரண்டாண்டு முன்பே சாகடித்துவிடுவீர்கள்.

உறுதி என்ற பத்தியில் நான் நான்கு அடையாளங்கள் இடுவேன்: நாள் உறுதி, அடக்க நாள் மட்டும், ஆண்டு உறுதி, ஆண்டு ஊகம். 1014இல் ராஜராஜனுக்கு நான்காவது. அச்சில் 'ஏறத்தாழ 1014' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், பட்டியலின் மதிப்பு குறையாது.

படி 9: தொடர்பை எவ்வளவு சொல்லலாம்

தேதிகள் சரியாகிவிட்டால் எழுதுகிறவர் கை பரபரக்கும். வானமே அழுதது, ஒரு யுகம் முடிந்தது என்று வரிகள் தாமாகவே வந்து நிற்கும். அவற்றை அடித்துவிட்டு, சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் விடுதலைப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்றே இறந்தார்கள். அங்கே சொல்லவேண்டிய தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. இருவரும் அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள், பகையாகிப் பின் கடிதங்களில் மீண்டும் நண்பர்களானவர்கள், அந்த நாளைக் காண உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று ஊகிக்கவும் இடமுண்டு. ஷேக்ஸ்பியருக்கும் டாங் சியான்சூவுக்கும் அப்படி எதுவும் இல்லை. ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆயினும் இருவரையும் சேர்த்துப் பார்ப்பதில் பொருளிருக்கிறது. இருவரும் காதலையும் கனவையும் மேடையேற்றியவர்கள், கவிதை நாடகத்தைத் தம் மொழியில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள். 2016இல் பிரிட்டனிலும் சீனாவிலும் இருவரின் 400ஆம் நினைவாண்டைச் சேர்த்தே கொண்டாடினார்கள். ஒப்பிடலாம், தொடர்புபடுத்தக் கூடாது.

ஒரு மரணம் இன்னொன்றை மறைத்திருந்தால் அதுவும் சொல்லத்தக்க செய்திதான். 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்த அதே நாளில், அதே மாஸ்கோவில் இசையமைப்பாளர் புரோகோபியேவும் இறந்தார். நகரமே ஸ்டாலினின் இறுதிச் சடங்கில் மூழ்கியிருந்ததால் அவர் மறைவு வெளியே தெரியவே நாளாயிற்று.

படி 10: முடிந்த பட்டியலின் வடிவம்

1616க்கு, கிரெகோரியன் கணக்கில், கால வரிசையில், அடைப்புக்குள் உள்ளூர்த் தேதியோடு:

ஜனவரி 16 (6): பிலிப் ஹென்ஸ்லோ, லண்டன்.
மார்ச் 16 (6): பிரான்சிஸ் போமாண்ட், லண்டன். அன்றைய ஆங்கில ஏட்டுக் கணக்கில் 1615.
ஏப்ரல் 22: செர்வான்டெஸ், மாட்ரிட். அடக்கம் 23.
ஏப்ரல் 23ஐ ஒட்டி: இன்கா கார்சிலாசோ, கோர்டோபா.
மே 3 (ஏப்ரல் 23): ஷேக்ஸ்பியர், ஸ்ட்ராட்போர்டு.
ஜூன் 1: டொகுகவா இயேயாசு, சும்பு.
ஜூலை 29: டாங் சியான்சூ, லின்சுவான்.
டிசம்பர் 3 (நவம்பர் 23): ரிச்சர்ட் ஹக்ளூயிட், லண்டன்.

ஒன்பதாமவரான போகாஹொண்டாஸ் இதில் வரமாட்டார். 1617 பட்டியலில், மார்ச் 31 (21) அடக்கம் என்று எழுதி, இறந்த நாள் பத்தியை வெறுமையாக விடுங்கள். 1616க்குக் கீழே ஒரு வரிக் குறிப்பும் வேண்டும். கிரேவ்செண்டு பதிவேட்டின் படத்தைப் பார்த்துவிட்டு 'ஏட்டிலேயே 1616 என்று இருக்கிறதே, ஏன் விட்டுவிட்டீர்கள்' என்று வாசகர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அவருக்குப் பதில் உங்கள் தாளில், புத்தாண்டு எப்போது பிறந்தது என்ற பத்தியில் தயாராக இருக்கும்.